கட்டைவிரலுக்கு அடியில் இருந்த நிறம்

செருப்பை வாசலில் கழற்றிய கையோடு ஷேட் அக்கா நேரே படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் படுத்துவிடுவார். யார் வீடாக இருந்தாலும் சரி. காபியா, டீயா என்று கேட்க வீட்டுக்காரர்கள் வாயைத் திறப்பதற்குள் இவர் கைப்பையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல்முறை கூப்பிட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒரு வீட்டில், பாவம், மயக்கம் போட்டுவிட்டார் என்று நினைத்து முகத்தில் தண்ணீரே தெளித்துவிட்டார்களாம்.

"படுக்கிற ரூமுக்கு எல்லாரும் நின்னுக்கிட்டே கலர் பாக்கறாங்க," என்பார் அக்கா. "எது கண்ணைக் குத்துது, எது சும்மா கிடக்குதுன்னு முதுகு கீழ பட்டாத்தானே தெரியும்?"

மல்லாந்து ஐந்து நிமிடம், வலப்பக்கம் ஐந்து நிமிடம், இடப்பக்கம் ஐந்து நிமிடம். ஒருமுறை நிஜமாகவே தூங்கிப்போய்க் குறட்டையும் விட்டிருக்கிறார். எழுந்ததும் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், "இந்த ரூமுக்கு நான் ஒண்ணும் பண்ண வேண்டாம். ஜன்னல் கண்ணாடிய மட்டும் நல்லாத் தொடைங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். ஒரு வேலை கைவிட்டுப் போகிறதே என்ற கவலையெல்லாம் அவருக்குக் கிடையாது.

அக்காவின் தொழில் ஜன்னல் திரை தைப்பது. மருந்துக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில் ஓர் இடுக்கு; அதுதான் அவர் கடை. ஒரு தையல் இயந்திரமும் ஒரு நீள மேசையும் போட்டால் அக்கா நிற்க இடமிருக்காது, அதனால் பாதி நாள் வாசலில்தான் நிற்பார். திரை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்க ஆரம்பித்து, அவர் சொன்னது பலித்து, நாளடைவில் ஊரே கேட்கத் தொடங்கியதில் 'ஷேட் அக்கா' ஆகிவிட்டார். வயது அறுபதை நெருங்குகிறது. குள்ளமான உருவம். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும்; கல்யாண வீட்டுக்குக்கூட அதோடு வந்துவிட்டு அப்புறம்தான் கழற்றிப் பைக்குள் திணிப்பார். தலைமுடி பஞ்சாக வெளுத்திருக்கும். சாயம் போடக் கூடாதா என்று யாராவது கேட்டால், "ஊருக்கு அடிச்சே நேரம் போதலை," என்பார்.

அவரை எங்கும் கொண்டுவிடுவது அவருடைய வீட்டுக்காரர். லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்கூட்டரைக் கீழே நிறுத்திவிட்டு, அக்கா மேலே படுத்திருக்கும் நேரம் முழுக்க அவர் அந்தக் கட்டிடத்து லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். போகும்போது காவல்காரரிடம், "மூணாவது மாடி தாண்டும்போது ஒரு முனகல் இருக்கு, பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போவார். நிறத்தைப் பற்றிக் கேட்டால் கையை விரித்துவிடுவார். "எனக்கு எல்லாமே செவுருதாம்மா."

படுத்து எழுந்த பிறகு அக்காவின் கேள்விகள் ஆரம்பிக்கும். கொஞ்சம் விவகாரமான கேள்விகள்தான். காலையில் யார் முதலில் எழுவது? யாருக்குப் படுத்ததும் தூக்கம் வராது? எதிர்வீட்டுக்காரர்களைப் பிடிக்குமா, பிடிக்காதா? கடைசியாக இது: "சண்டை போட்டா யாரு எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க?"

கணவனும் மனைவியும் நெளிவார்கள். நாங்கள் சண்டையே போடுவதில்லை என்று யாராவது சொன்னால், "சரி, இனிமே போடும்போது?" என்பார் அக்கா. அவர் கணக்கில் நான்கு சுவருக்கும் ஒரே கவனம் தேவையில்லை. "கோவத்துல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுக்கும்போது எந்தச் செவுரு எதிர்ல இருக்குமோ, அதுக்குத்தான் நல்ல கலர் வேணும். சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கும்போது எவன் செவுத்தப் பாக்கறான்?"

ஜன்னலுக்கும் ஒரு முறை வைத்திருக்கிறார். புதுத் திரைக்கு அளவெடுப்பதற்கு முன் ஒரு பழைய படுக்கை விரிப்பை அந்த ஜன்னலில் குண்டூசி குத்தி இரண்டு நாள் தொங்கவிடச் சொல்வார். "ரெண்டு நாள் கழிச்சு என்ன கொறையுதுன்னு சொல்லுங்க. காத்தா, வெளிச்சமா, வேடிக்கையா?" இரவுப் பணி பார்க்கும் ஒரு நர்ஸுக்குப் பகலில் தூங்க இருட்டறை வேண்டியிருந்தது. கனத்த துணியில் உள்துணியும் வைத்துத் தைத்துக் கொடுத்தவர், மேலே மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிச்சம் விட்டுவிட்டார். "முழு இருட்டுல முழிச்சா எந்த நேரம், எந்த இடம்னு புரியாம நெஞ்சு அடிச்சுக்கும்மா. அந்த ஒரு கோடு இருந்தா போதும்." நர்ஸ் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம், நிறத்தின் பெயரை யாரும் படிக்கக் கூடாது என்பது. பெயிண்ட் கடைக்காரர்கள் கொடுக்கும் வண்ண அட்டைகளை விசிறிபோல் கோத்து வைத்திருப்பார். ஒவ்வொரு நிறத்துக்குக் கீழேயும் ஒரு பெயர் இருக்குமல்லவா? அட்டையை நம் முன் நீட்டும்போது அக்காவின் கட்டைவிரல் சரியாக அந்தப் பெயரின் மேல் உட்கார்ந்துவிடும். அவரும் படிக்க மாட்டார், நம்மையும் படிக்க விட மாட்டார். "பேரைப் படிச்சா பேரைத்தான் வாங்குவீங்க. 'பாலைவனக் கனவு'ன்னு போட்டிருப்பான். அடிச்சுப் பாத்தா பழைய அட்டைப்பெட்டி!" பிடித்த நிறத்தின் ஓரத்தில் ஒரு துண்டை மட்டும் கிழித்து மடித்துக் கடைக்கு அனுப்புவார். கடைக்காரர் கலந்து கொடுப்பார். அக்காவோடு வேலை செய்யும் பெயிண்டர் அண்ணன் டப்பாவிலிருக்கும் காகிதத்தை வாசலிலேயே உரித்துப்போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுத்து வருவார். இந்தச் சட்டம்தான் பிறகு அக்காவின் காலை வாரிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு அவர் முதன்முதலில் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. குடிவந்து ஆறு மாதமாகியும் எங்கள் படுக்கையறைக்கு நிறம் முடிவாகவில்லை. என் கணவர் வெள்ளை என்றார். நான் பச்சை என்றேன். "வெள்ளைன்னா ஆஸ்பத்திரி," என்றேன் நான். "பச்சைன்னா பஸ் ஸ்டாண்ட்," என்றார் அவர். இதற்கு முன் குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஆணி ஓட்டைகளையும் பசை நாடாக் கறைகளையும் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்திருந்தோம். நூலகத்தில் என்னோடு வேலை செய்பவர்தான் ஷேட் அக்காவைக் கூப்பிடச் சொன்னார்.

அக்கா வந்தார், படுத்தார், கேட்டார். கோபம் வந்தால் நான் கிழக்குச் சுவரைப் பார்ப்பேன் என்றும் என் கணவர் மேற்கு ஜன்னலைப் பார்ப்பார் என்றும் பத்து நிமிடத்தில் எங்களிடமிருந்து கறந்துவிட்டார். பிறகு விசிறியை விரித்து, ஒரு சதுரத்தைக் கட்டைவிரலோடு நீட்டி, "சாம்பல்," என்றார். "வெறும் சாம்பல் இல்ல. மழை பெஞ்சு ஓஞ்ச சாயங்காலம் தார் ரோடு இருக்குமே, அந்த ஈரச் சாம்பல்." அவர் சொன்ன விதத்தில் எங்களுக்கு மழை வாசனையே வந்துவிட்டது. தலையாட்டிவிட்டோம்.

இரண்டு நாள் கழித்துப் பெயிண்டர் அண்ணன் வேலையை முடித்துவிட்டுக் கூப்பிட்டார். நானும் என் கணவரும் அறைக்குள் போய் நின்றோம்.

"ஏங்க, இது சாம்பலா?"

"அக்கா சாம்பல்னுதானே சொன்னாங்க."

"எனக்கு ஊதா மாதிரி தெரியுது."

"லைட்டைப் போட்டுப் பாரு."

போட்டேன். "இப்போ இன்னும் ஊதா."

"அப்போ லைட்டை அணைச்சிடு."

பெயிண்டர் அண்ணனிடம் டப்பாவில் என்ன பெயர் போட்டிருந்தது என்று கேட்டோம். அவர் காதைத் தொட்டுக்கொண்டார். "பேரைச் சொல்லக் கூடாதும்மா, அக்கா ரூலு." மறுநாள் அக்கா கடுகு மஞ்சள் நிறத்தில் திரையைத் தைத்து எடுத்து வந்து மாட்டினார். படுத்துப் பார்த்தார். "பாத்தியா, எவ்வளவு அடக்கமா இருக்கு!" என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஊருக்கே நிறம் சொல்பவரிடம் போய், அக்கா இது ஊதா என்று நான் எப்படிச் சொல்வது? என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்குக்கா," என்றேன். என் கணவரும் பக்கத்தில் நின்று பலமாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் ஈரச் சாம்பல், ஈரச் சாம்பல் என்று நாங்களே சொல்லிக்கொண்டும் திரிந்தோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுவர் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. மூன்றாவது வாரம் ஒரு பெரிய சண்டை. எதற்கென்று இப்போது நினைவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன். எதிரே அந்த மெல்லிய ஊதா, சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக யோசித்துக்கொண்டே வந்தவளுக்குப் பாதியில் வரிசை மறந்துவிட்டது. அப்படியே தூங்கிப்போனேன். ஆனால் அந்தத் திரையை மட்டும் என்னால் சகித்துக்கொள்ளவே முடியவில்லை. வெயில் அதன் வழியாக உள்ளே வந்தால் என் கணவருக்கு மஞ்சள்காமாலை கண்டதுபோல் இருக்கும். அதையும் நான் அக்காவிடம் சொல்லவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்க வராமல் போயிற்று. தெருவிளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தது. "இப்பல்லாம் பல்பே சரியா வர்றதில்ல," என்று கொஞ்ச நாள் பல்பைத் திட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நேரே கண் ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டார். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. வருடக் கணக்கில் மெல்ல மெல்ல மஞ்சளேறியிருக்கும், அதனால்தான் உங்களுக்கே தெரியவில்லை என்றாராம் டாக்டர். முதலில் இடது கண், ஒரு மாதம் கழித்து வலது கண் என்று முடிவாயிற்று.

இடது கண்ணுக்கு அறுவை முடிந்து நாலாம் நாள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன் படுக்கையறைக்குள் போனவர் அலறியடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்.

"யாரு நம்ம ரூம்ல ஊதா அடிச்சது?"

"நீதான்," என்றார் வீட்டுக்காரர்.

"எப்போ?"

"ரெண்டு வருஷமா அது ஊதாதான்."

"பாத்துக்கிட்டேயா இருந்தீங்க? ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

இதை அக்காவே என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு அவர் தன் அளவு நோட்டை எடுத்து உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்: ஜன்னலின் அகல நீளம், பக்கத்தில் சுவர் நிறத்தின் ஒரு துண்டு, திரைத் துணியின் ஒரு துண்டு. இடது கண்ணை மூடினால் சாம்பல். வலது கண்ணை மூடினால் ஊதா. பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார். இரண்டரை வருடம், பதினொரு வீடு, பதினாலு படுக்கையறை.

வலது கண்ணுக்குக் குறித்த தேதி வந்தது. அக்கா போகவில்லை. அடுத்த தேதிக்கும் போகவில்லை. பயமா என்று நான் போனில் கேட்டேன். "பயமென்ன பயம்? அந்தக் கண்ணையும் மாத்திட்டா, அன்னிக்கு நான் என்ன பாத்தேன்னு எனக்கே தெரியாமப் போயிடும்மா. ஒவ்வொரு ரூமையும் பழைய கண்ணால ஒரு தடவை, புதுக் கண்ணால ஒரு தடவை பாக்கணும். எங்கெங்க கெடுத்திருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் போறேன்." இருபத்தெட்டு வருடமாகத் தான் சொன்னதெல்லாம் பலித்த அக்காவுக்கு, இனி யாராவது 'அக்கா, எந்த நிறம்?' என்று கேட்டால் வாய் திறக்க முடியுமா என்பதுதான் கேள்வியாகிவிட்டது. கடையில் புது வேலை எதுவும் எடுக்காமல் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்.

நர்ஸ் வீட்டில் தப்பித்தார். "நான் படுத்தா கண்ணே தொறக்க மாட்டேன்க்கா, எந்தக் கலரா இருந்தா என்ன?" என்றார் நர்ஸ். ஒரு தபால்காரர் வீட்டில், "இதுதான் இப்ப ஃபேஷன் போலன்னு நெனச்சோம்," என்றார்கள். இன்னொரு வீட்டில், அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தங்கள் அம்மாவே சொல்லிவிட்டதாக மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். அந்த அன்புதான் அக்காவை அறுத்தது.

எட்டாவது வீடு ஒரு வங்கி மேலாளருடையது. அங்கே போன வருடமே ஹால் திரைக்கு அளவெடுக்க அக்கா போயிருந்தாராம். பழக்கதோஷத்தில் படுக்கையறைப் பக்கம் நடந்தபோது, சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லி மறித்துவிட்டார்கள். இந்த முறை கதவு திறந்திருந்தது. உள்ளே இளம் பச்சை. அக்கா அடித்துக் கொடுத்த அடுத்த மாதமே வேறு ஆளை வைத்து மாற்றியிருக்கிறார்கள். அவர் மனம் நோகக் கூடாதென்று சாவியைத் தொலைத்திருக்கிறார்கள். கீழே லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் நிற்க, அக்கா அதில் ஏறாமல் நாலு மாடியும் படியிலேயே இறங்கி வந்தாராம். இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை.

போன வாரம் ஒரு பிற்பகல் எங்கள் வீட்டுக்கு வந்தார். மீதமிருந்த கடைசி வீடு எங்களுடையது. மறுநாள் காலை வலது கண்ணுக்கு அறுவை; இனித் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டாராம். செருப்பைக் கழற்றினார், நேரே போய்ப் படுத்தார். நான் கதவருகில் நின்றேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?" கூரையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

"முதல் நாளே தெரியும்க்கா."

"தெரிஞ்சும் சொல்லல."

"உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சிட்டேன்."

"அதைத்தான் எல்லாரும் சொல்றீங்க." குரலை உயர்த்தவேயில்லை. "மரியாதை, மரியாதைன்னு ஆளாளுக்கு வாயை மூடிக்கிட்டீங்க. நான் பாட்டுக்கு ஊரெல்லாம் ஊதாவ அடிச்சிட்டுப் பெருமையாத் திரிஞ்சிருக்கேன். யாராவது ஒருத்தர், 'அக்கா, உங்க கண்ணைக் கொஞ்சம் காட்டுங்க'ன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன்ல? எல்லாரும் நல்லவங்களா இருந்தே என்னக் கெடுத்துட்டீங்கம்மா."

நான் கூனிக் குறுகிப்போனேன்.

"சரி, விடு. பெயிண்டர்கிட்ட சொல்லியாச்சு. அடுத்த வாரம் வந்து நல்ல சாம்பலா அடிச்சுக் குடுத்துடுவான்," என்றார்.

"வேண்டாம்க்கா. எனக்கு இந்தக் கலர் ரொம்பப் பிடிச்சிருக்கு."

அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அன்னிக்கும் இதைத்தானே சொன்ன?"

பேச்சைக் கேட்டு வந்த என் கணவர், "நிஜமாத்தான்க்கா, ரெண்டு பேருக்குமே பிடிச்சிருக்கு," என்றார்.

"தம்பி, அன்னிக்கு நீங்களும் தலையாட்டுனீங்க."

என் கணவர் காபி போடப் போய்விட்டார். நான் மாட்டிக்கொண்டேன். சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் ஏற்கனவே பொய் சொன்ன வாய் இது, அவர் எப்படி நம்புவார்? இப்படியே எழுந்து போனால், இந்த அறையையும் கெடுத்த அறைகளில் ஒன்றாகத்தான் எழுதிக்கொண்டு போவார். கடையைத் திறந்தாலும் இனி யாருடைய 'நல்லா இருக்குக்கா'வும் அவர் காதில் ஏறாது. எனக்கு அழுகை வருவதுபோல் இருந்தது. கூடவே கோபமும் வந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"செவுரு பிடிச்சிருக்குக்கா. ஆனா அந்தத் திரை இருக்கே, கண்றாவி!"

"என்னது?"

"கண்றாவிக்கா. ரெண்டு வருஷமா தினம் காலைல அதோட முகத்துலதான் முழிக்கிறேன். வெயில் வந்தா இவரு காமாலைக்காரர் மாதிரி இருக்காரு. அந்தக் குஞ்சம் வேற. நீளமும் பத்தலை. கீழே இடைவெளி விட்டு வெளிச்சம் நேரா இவரு கால்ல விழுது."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அக்கா எழுந்து உட்கார்ந்தார். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு புதுக் கண்ணால் திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அட ராமா," என்றார். "இதையா நான் மாட்டினேன்? இதைப் பாத்துக்கிட்டா ரெண்டு வருஷம் படுத்திருந்தீங்க?" தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்து கிட்டே போனேன். சிரிப்பு. "சிரிக்க வைக்காதம்மா, கண்ணை அலட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு." அடக்கப் பார்த்து இன்னும் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. காபியோடு வாசலில் நின்ற என் கணவர், உள்ளே வரலாமா கூடாதா என்று விழித்தார்.

சிரிப்பு ஓய்ந்ததும் அக்காவின் முகம் மாறியது. "எல்லாம் சரி. நீளம் பத்தலைன்னு சொன்னியே, அது மட்டும் நடக்காத காரியம். என் கண்ணுதான் போச்சு, கை போகல." கழுத்திலிருந்து நாடாவை உருவினார். நோட்டைப் பார்த்தார். திரையை அளந்தார். ஒன்றரை அங்குலம் குறைந்தது. துணியின் ஓரத்தை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தொவச்சியா?"

"தொவச்சேன்."

"சுடுதண்ணில?"

"ஆமா."

"அப்போ அது உன் தப்பு," என்றார். குரலில் பழைய ஷேட் அக்கா திரும்பி வந்திருந்தார்.

ஸ்டூல் கேட்டார். ஏறாதீர்கள், நாளைக்கு ஆபரேஷன் என்று நாங்கள் இருவரும் கத்தியதில் என் கணவரையே ஏற்றி, வளையம் வளையமாகக் கழற்றச் சொன்னார். திரை இறங்கியதும் மேற்கு வெளிச்சம் உள்ளே வந்து எதிர்ச்சுவர் முழுக்கப் பரவியது. அக்கா மறுபடியும் படுத்து, நான் கோபத்தில் திரும்பும் பக்கமாகத் திரும்பினார். முதலில் புதுக் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"சாம்பல்," என்றார் மெதுவாக. "ஈரச் சாம்பல். நல்லாத்தான் பாத்திருக்கேன். நான் பாத்தது பொய்யில்ல." காபி ஆறிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பிறகு அந்தச் சாம்பலை அவர் பார்க்கப்போவதில்லை. எங்களில் யாரும் அதைப் பார்த்ததே இல்லை. பிறகு கை மாற்றிப் பழைய கண்ணைப் பொத்திக்கொண்டார். "ஊதா. இதுல உனக்குக் கோவம் போகுதா?"

"போகுதுக்கா. இவரு மேலகூட."

"அப்போ இருக்கட்டும். மத்த வீட்டுக்கெல்லாம் கண்ணு ஆறினதும் போய், பிடிக்குதா பிடிக்கலையான்னு ஒழுங்கா பதில் வாங்கிட்டு வரேன்." எழுந்து உட்கார்ந்து காபியை ஒரே மடக்கில் குடித்தார். கைப்பையைத் திறந்து திரைத் துணித் துண்டுகளின் கொத்தைக் கட்டிலில் கொட்டினார். "ஜன்னலை மொட்டையா விட்டுட்டுப் போக முடியாது. இந்தச் செவுத்துக்கு ஏத்த துணிய இன்னிக்கே முடிவு பண்ணணும். ஆனா என் கண்ணு ரெண்டும் ஆளுக்கொண்ணு சொல்லுது. நீ வா இங்க. நீ பாத்துச் சொல்லு. மரியாதையெல்லாம் வேண்டாம்."

வண்ண அட்டை விசிறியை விரித்துச் சுவரோடு சுவராக வைத்துத் தேடி, எங்கள் சுவருக்கான சதுரத்தைக் கண்டுபிடித்தார். இருபத்தெட்டு வருடப் பழக்கம், கட்டைவிரல் தானாகப் போய்ப் பெயரின் மேல் உட்கார்ந்தது. அக்கா அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை எடுத்துவிட்டு, அட்டையை என் பக்கம் திருப்பி நீட்டினார்.